சோம்பேறின்னு சொல்லாதீங்க, கோழைன்னு சொல்லுங்க

மக்களே, முதல்லயே சொல்லிடறேன், இது டிப்ஸ் பதிவு இல்லை. காலையில 5 மணிக்கு எழுந்திரிங்க, படுக்கையை மடிச்சு வைங்க, வீட்டுல இருந்தாலும் சட்டையை இன் பண்ணிட்டு உக்காருங்க வகையறா எல்லாம் யூடியூப்ல வண்டி வண்டியா கிடைக்குது. அதையும் அப்புறம் பாத்துக்கலாம்னு சேமிச்சு வச்சிருப்பீங்க. எனக்குத் தெரியும், என்கிட்டயே நாப்பது இருக்கு. "இந்தப் பதிவையே மூணு மாசமா தள்ளிப்போட்டு எழுதுறேன்"ங்கிற ஜோக்கும் இங்க கிடையாது. அதை எல்லாரும் சொல்லி முடிச்சாச்சு.

இது சண்டை போடுற பதிவு. யாரோட சண்டைன்னா மூணு பேரோட. வீட்டுல இருந்து வேலை பாக்குறவன் எல்லாம் போர்வைக்குள்ள இருக்கான்னு நம்புற மேனேஜர் ஒருத்தர். தள்ளிப்போடுற வியாதிக்கு தக்காளி கடிகாரத்துல மருந்து இருக்குன்னு விக்கிறவர் இன்னொருத்தர். மூணாவது ஆள், "எனக்கு கடைசி நேரத்துலதான் பாஸ் மூளையே வேலை செய்யும்"னு பெருமையா காலரைத் தூக்கி விட்டுக்கிறவர். அந்த மூணாவது ஆள் நான்தான். அதனால அவருக்கு மட்டும் அடி கொஞ்சம் கூடவே விழும். வேற யாரும் கேஸ் போட முடியாது பாருங்க :-)

நடந்ததை முதல்ல சொல்லிடறேன்.

2019-ல படிப்பு முடிச்சு சென்னையில பொட்டி தட்ட சேந்தேன். ஒம்பது மாசம் ஓஎம்ஆர்ல கேப்புல போயி வந்துட்டு இருந்தப்ப 2020 மார்ச்ல ஊரடங்கு வந்துச்சு. மூட்டையைக் கட்டிட்டு விருதுநகர் வந்தவன்தான். நடுவுல கம்பெனி மாறியாச்சு, ஆனா இப்பவும் மாடி ரூம்தான் ஆபீஸ். டீம்ல பாதி பேர் சென்னையில, வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போறாங்க. நான் மாடிப்படி ஏறிப் போறேன்.

2023 அக்டோபர் 25, புதன்கிழமை. ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வந்த முதல் நாள். என் பேர்ல ஒரு டிக்கெட் விழுந்துச்சு. மாசக் கடைசியில கணக்கு எடுக்குற ஒரு ரிப்போர்ட்டை பழைய டேட்டாபேஸ்ல இருந்து புதுசுக்கு மாத்தணும். பாக்க சின்ன ஆணிதான். உள்ள போய்ப் பாத்தா ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜர், ஆயிரத்து நானூறு வரி. எழுதின புண்ணியவான் கம்பெனியை விட்டுப் போய் பல வருஷம். வேரியபிள் பேரெல்லாம் 'டெம்ப்1', 'டெம்ப்2', 'டெம்ப்_புதுசு', 'டெம்ப்_புதுசு_கடைசி'. முப்பது வரி படிச்சேன். ஒண்ணும் புரியல. வயித்துல ஒரு மாதிரி இருந்துச்சு. மூடி வச்சிட்டு கீழ போய் காபி போட்டேன்.

அன்னைக்கு மூடினதை திரும்ப ஒழுங்காத் திறந்தது நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நடுவுல சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. வேற நாலு டிக்கெட் முடிச்சேன். டீம்ல அடுத்தவங்க கோடை எல்லாம் ரிவ்யூ பண்ணினேன், அதுவும் ஒவ்வொரு வரியா. யாரும் கேக்காத ஒரு டாக்குமென்ட்டை உக்காந்து எழுதினேன். கீபோர்டை கழட்டி சுத்தம் பண்ணினேன். அம்மா கேக்காமலே ரேஷன் கடைக்குப் போனேன், அம்மாவுக்கே சந்தேகம் வந்துடுச்சு. தினமும் காலையில 10:30 ஸ்டாண்ட்-அப்ல மட்டும் அந்த டிக்கெட் பத்தி ஒரே வார்த்தை: "போயிட்டு இருக்கு." அதுக்கு மேல யாரும் கேக்கல. கேமராவும் போடுறதில்லை.

நவம்பர் 10 வெள்ளிக்கிழமை ரிலீஸ். 12-ம் தேதி ஞாயிறு தீபாவளி. செவ்வாய் ராத்திரி முழிச்சு உக்காந்து தோண்டினப்பதான் தெரிஞ்சது, அந்த ப்ரொசீஜர் இன்னொரு டேட்டாபேஸ்ல இருக்குற ஒரு டேபிளைத் தொடுது, அதுக்கு எனக்கு அனுமதியே இல்லைன்னு. அனுமதி குடுக்க வேண்டியது அமெரிக்காவுல இருக்குற கிளையன்ட் ஆளு. மெயில் போட்டு, அப்ரூவல் வாங்கி, கைக்கு வந்தப்ப வெள்ளி ராத்திரி. ரிலீஸ் சனிக்கிழமை ராத்திரிக்குத் தள்ளிப் போச்சு.

எங்க டீம்ல டெஸ்டிங் பாக்குற நண்பருக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆச்சு. தலைதீபாவளி. மாமனார் வீடு நாகர்கோவில். மனைவி ரெண்டு நாள் முன்னாடியே போயாச்சு. இவருக்கு வெள்ளி ராத்திரி பஸ், ஒரு மாசம் முன்னாடியே போட்ட டிக்கெட். அதை கேன்சல் பண்ணிட்டு சனிக்கிழமை பூரா உக்காந்து என் ரிப்போர்ட்டை டெஸ்ட் பண்ணினார். முடிஞ்சப்ப ராத்திரி ஒன்றரை மணி. தீபாவளி அன்னைக்கு காலையில நான் விருதுநகர்ல எண்ணெய் தேச்சு குளிச்சிட்டு அம்மா சுட்ட அதிரசத்தைக் கடிச்சிட்டு இருந்த நேரம், அவர் கோயம்பேட்டுல ஏதாவது பஸ்ல ஒரு சீட் கிடைக்குமான்னு நின்னுட்டு இருந்தார். நாகர்கோவில் போய்ச் சேந்தப்ப ராத்திரி. வெடி எல்லாம் வெடிச்சு முடிச்சு குப்பையைக் கூட்டித் தள்ளியாச்சாம்.

ஸாரி சொல்றதுக்கு போன் பண்ணினேன். "பரவால்ல ப்ரோ, ரிலீஸ்னா இப்படித்தான"ன்னார். அவருக்குத் தெரியாது. பத்து வேலை நாள் நான் அந்த ஃபைலைத் தொடவே இல்லைங்கிறது அன்னைக்கு யாருக்குமே தெரியாது. கிளையன்ட் அனுமதி லேட்டுன்னுதான் எல்லாருக்கும் கணக்கு. நானும் அப்படியே விட்டுட்டேன்.

தலைதீபாவளி ஒரு தடவைதான் வரும். அதைத் திருப்பிக் குடுக்க என்கிட்ட எதுவும் இல்லை. ஒத்திப்போடுறது என் சொந்த விஷயம், என் தூக்கம், என் டென்ஷன், நான் பாத்துக்கிறேன்னு அதுவரைக்கும் நினைச்சிட்டு இருந்தேன். பில்லு எப்பவும் பக்கத்து டேபிளுக்குத்தான் போகுது.

சரி, இப்ப சண்டைக்கு வருவோம்.

மேல சொன்ன கதையில நான் சோம்பேறியா? நாலு டிக்கெட் முடிச்சிருக்கேன், கீபோர்டு எல்லாம் கழட்டிக் கழுவியிருக்கேன். சோம்பேறி இவ்வளவு வேலை பாப்பானா? வள்ளுவர் மடியின்மைன்னு 61-வது அதிகாரமே வச்சிருக்கார். அதுல ஒரு குறள்ல கெட்டுப்போறவங்க விரும்பி ஏறுற கப்பல்னு நாலு விஷயத்தைச் சொல்றார். காலத்தை நீட்டிக்கிறது, மறதி, சோம்பல், தூக்கம். நாலையும் தனித்தனியாத்தான் எண்ணிச் சொல்றார். நீட்டிக்கிறதும் சோம்பலும் ஒண்ணுன்னா மூணுன்னு முடிச்சிருப்பார், ஏழு சீர்ல இடம் அவ்வளவு தாராளமா கிடையாது. அவருக்குத் தெரிஞ்ச வித்தியாசம் இன்னைக்கு வரைக்கும் நம்ம எச்ஆர் டிபார்ட்மென்ட்டுக்குத் தெரியல.

ஆராய்ச்சிக்காரங்களும் இதைத்தான் சொல்றாங்க. கனடாவுல கல்கரி பல்கலைக்கழகத்துல இருக்குற பியர்ஸ் ஸ்டீல், அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் மொத்தமா அள்ளிப் போட்டு 2007-ல ஒரு கட்டுரை எழுதினார். ஒத்திப்போடுறதோட நெருக்கமா ஒட்டிக்கிட்டு வர்ற விஷயங்கள்ல ரெண்டை மட்டும் இங்க சொல்றேன். ஒண்ணு, அந்த வேலையே கசப்பா இருக்கிறது. ரெண்டு, இது நம்மால முடியும்ங்கிற நம்பிக்கை குறைவா இருக்கிறது. 2013-ல ஃபூஷியா சிரோய், டிமோத்தி பிச்சில்னு ரெண்டு பேர் இன்னும் நேரா விஷயத்துக்கு வந்தாங்க. தள்ளிப்போடுறவன் நேரத்தை நிர்வாகம் பண்ணத் தெரியாதவன் இல்லை, அப்போதைக்கு மனசுல இருக்குற கசப்பை இறக்கி வைக்கிறான், பாரத்தை நாளைக்கு வரப்போற தன் தலையில ஏத்தி விடுறான்னு. அந்த புதன்கிழமை முப்பது வரி படிச்சதும் வயித்துல ஒரு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேனே, அதுதான் விஷயம் பூரா. காபி போடப் போனது காபிக்காக இல்லை.

அந்த 'ஒரு மாதிரி'க்கு என்ன பேர்? ரொம்ப நாள் யோசிச்சேன். பயம். எதுக்குப் பயம்னா, "எனக்கு இது புரியல"ன்னு சொல்லணுமேங்கிற பயம். நாலு வருஷ அனுபவம், ரிவ்யூல எல்லாருக்கும் அறிவுரை சொல்றவன், இவனுக்கு ஒரு பழைய ப்ரொசீஜர் புரியலையான்னு யாராவது நினைச்சிடுவாங்களோன்னு.

இதுக்கு எங்கயோ போய் வேர் தேட வேண்டாம். இன்ஜினியரிங் காலேஜ் நாலு வருஷம் என்ன பண்ணினோம்? செமஸ்டர் பூரா கேன்டீன்ல உக்காந்துட்டு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி லோக்கல் ஆத்தர் புக்கை ஜெராக்ஸ் கடையில வாங்கி, பத்து ரெண்டு மார்க், அஞ்சு பதினாறு மார்க்னு உருப்போட்டு, காலையில கண்ணு எரிய எரிய போய் எழுதி, பாஸ் பண்ணினோம். ஹாஸ்டல்ல 'நைட் அவுட்'னு அதுக்கு ஒரு திருவிழாப் பேர் வேற. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, எட்டு செமஸ்டர். தள்ளிப்போட்டா தண்டனை கிடையாதுன்னு எட்டு தடவை பாடம் நடத்தி, அந்தப் பாடத்துல டிஸ்டிங்ஷனும் குடுத்து வெளிய அனுப்பினாங்க. கிளாஸ்ல கை தூக்கி "சார், இது புரியல"ன்னு கேட்டவனை நினைச்சுப் பாருங்க. பின் பெஞ்ச் பூரா சிரிக்கும். சில சார்மாரும் கூடச் சேந்து சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பை நாங்க யாரும் மறக்கல. புரியாததை மறைக்கவும் கடைசி ராத்திரி சமாளிக்கவும் நல்லாவே பழகிட்டு வந்தோம்.

ஆனா பதினாறு மார்க் கேள்வியில 'அல்லது' இருந்துச்சு. அனுமதி இல்லாத டேபிள்ல 'அல்லது' இல்லை. கடைசி ராத்திரி முழிச்சா என் மூளை வேணா வேகமா ஓடும், அமெரிக்காவுல இருக்குற அப்ரூவல் ஆளு ஓடுவாரா? "ப்ரெஷர்ல நான் நல்லா வேலை செய்வேன்"னு சொல்றவங்ககிட்ட கேக்குறேன், ப்ரெஷர் இல்லாம எப்பவாவது முழுசா ஒரு தடவை வேலை செஞ்சு பாத்திருக்கீங்களா? பாக்காம எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க? நானும் பாத்ததில்லை. பாக்காமலே ஏழு வருஷம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அடுத்து மேனேஜர் தரப்பு. "இதுக்குத்தான் ஆபீஸ் வரச் சொல்றோம்"னு இந்நேரம் அங்க ஒருத்தர் எழுந்திரிச்சிருப்பார். உக்காருங்க சார்.

ஆபீஸ்ல நான் தள்ளிப்போடலையா? கேப்புல இறங்கி, கார்டு தேச்சு, ஃபுட் கோர்ட்ல பொங்கல் சாப்பிட்டு, சீட்டுக்கு வரும்போது பத்தரை. பதினொன்னரைக்கு டீ. பன்னெண்டுக்கு எதுக்குன்னே தெரியாத ஒரு மீட்டிங். சாப்பாடு, அப்புறம் அந்த பில்டிங்கை ஒரு சுத்து நடை. நாலு மணிக்கு திரும்ப டீ, அதுல அரை மணி நேரம் அப்ரைசல் புலம்பல். ஆறரைக்கு கேப். இவ்வளவுக்கும் நடுவுல நான் தள்ளிப்போட்டது யாருக்குத் தெரிஞ்சது? ஆபீஸ்ல தள்ளிப்போடுறதுக்கு வேலை மாதிரியே ஒரு வேஷம் இருந்துச்சு. வீட்டுல அந்த வேஷம் இல்லை, அம்மணமா தெரியுது, அவ்வளவுதான். மணிக்கணக்கை எண்ணி உழைப்பை அளக்குற வியாதி நம்ம ஊர்ல ரொம்பப் பழசு. 2023-ல நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை பாக்கணும்னார். 2025 ஜனவரியில எல் அண்ட் டி தலைவர் அதை 90-க்கு ஏத்தினார். நான் அந்தத் தீபாவளி வாரத்துல எழுபதுக்கு மேலயே உக்காந்திருப்பேன். என்னத்தைக் கிழிச்சேன்?

இந்த அவநம்பிக்கை எவ்வளவு பெருசுன்னா, 2022-ல மைக்ரோசாஃப்ட் 11 நாடுகள்ல இருபதாயிரம் பேரைக் கேட்டுப் பாத்துச்சு. வேலை பாக்குறவங்கள்ல 87 சதவீதம் பேர் நாங்க ஒழுங்காத்தான் வேலை செய்யறோம்னாங்க. தன் ஆட்கள் ஒழுங்கா வேலை செய்யறாங்கன்னு முழு நம்பிக்கை இருக்குன்னு சொன்ன தலைமைப் பொறுப்புக்காரங்க 12 சதவீதம். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கண்காணிப்பு சாஃப்ட்வேர் வந்துச்சு. எலி அசையுதா, எத்தனை கீ தட்டினான், நிமிஷத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட். உடனே நம்மாளுங்க எலியை ஆட்டி விடுற மெஷின் வாங்கிட்டாங்க. 2024-ல அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு தட்டுற மாதிரி பாவ்லா காட்டினாங்கன்னு பத்துப் பன்னெண்டு பேருக்கு மேல வேலையை விட்டு அனுப்புச்சு. எலி ஆட்டுறதைப் பிடிக்க ஒரு மெஷின், பிடிபடாம ஆட்டுறதுக்கு ஒரு மெஷின். நடுவுல வேலைன்னு ஒண்ணு இருந்துச்சே, அது எங்கப்பா?

அந்தப் பத்து நாளும் என் லேப்டாப்ல அப்படி ஒரு சாஃப்ட்வேர் இருந்திருந்தா எனக்கு நூத்துக்கு நூறு குடுத்திருக்கும். அவ்வளவு தட்டியிருக்கேன். டாக்குமென்ட் எல்லாம் எழுதியிருக்கேன்ல.

நேர்மையா ஒண்ணு ஒத்துக்கணும். ஆபீஸ்ல ஒரு விஷயம் இருந்துச்சு, வீட்டுல அது இல்லை. கட்டுப்பாடு, ஒழுக்கம்னு பெருசா ஒண்ணும் நினைக்காதீங்க. பழைய கம்பெனியில எனக்குப் பின்னாடி சீட்ல ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். தண்ணி பிடிக்கப் போற வழியில நின்னு, "என்னடா, ரெண்டு நாளா அதே ஸ்க்ரீனையே முறைச்சிட்டு இருக்க?"ன்னு கேப்பார். நான் "இல்லண்ணா, பாத்துட்டேன்"னு மழுப்புவேன். சேரை இழுத்துப் போட்டு உக்காந்துடுவார். பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். நான் கேக்கவே வேண்டியதில்லை, முழிக்கிற முழியை அவரே பாத்துடுவார். வீட்டுல என் முழியை யார் பாக்குறா? அம்மா பாப்பாங்க. "கண்ணு ஏன் இப்படி சொருகுது, எண்ணெய் வச்சுக் குளி"ம்பாங்க.

வீட்டுல இருந்து வேலை பாத்தா உற்பத்தி கூடும்னு நம்ம ஆளுங்க அடிக்கடி தூக்கிப் பிடிக்கிற ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. சீனாவுல சீட்ரிப்னு ஒரு டிராவல் கம்பெனி, ஷாங்காய் கால் சென்டர்ல 249 பேரை வச்சு ஒம்பது மாசம் சோதனை பண்ணினாங்க. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் குழு 2015-ல வெளியிட்டது. வீட்டுல இருந்தவங்க வேலை 13 சதவீதம் கூடுச்சு. நானும் இதை எச்ஆர் கூட்டத்துல ஒரு தடவை வீரமா எடுத்து விட்டிருக்கேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, அது கால் சென்டர். போன் அடிக்கும், எடுக்கணும். வேலை தானா வந்து கதவைத் தட்டுது. அடுத்தது என்ன செய்யணும்ங்கிறதுல சந்தேகமே கிடையாது. அங்க தள்ளிப்போட இடமே இல்லை. நம்ம ஆணி அப்படியா? ஆயிரத்து நானூறு வரி ப்ரொசீஜர் மணி அடிச்சுக் கூப்பிடாது. அது பாட்டுக்கு சமத்தா படுத்துக் கிடக்கும், நாமதான் போய்த் தட்டணும். அதனால வீடு நல்லதா ஆபீஸ் நல்லதாங்கிற பட்டிமன்றத்துல எனக்கு ஆர்வம் போயிடுச்சு. எந்த மாதிரி வேலைன்னு கேக்காம நடத்துற பட்டிமன்றம் அது.

தக்காளிக்காரரை மறந்துட்டேன் பாருங்க. 1980-களோட கடைசியில பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலி மாணவர், படிக்க உக்கார முடியாம, சமையலறையில இருந்த தக்காளி வடிவ கடிகாரத்தைத் திருகி வச்சிட்டுப் படிச்சார். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. தப்பு சொல்லல, நல்ல விஷயம்தான். எங்க மாட்டுதுன்னா, அது நேரத்தைத்தான் வெட்டிக் குடுக்கும், பயத்தை வெட்டாது. நான் 25 நிமிஷம் கடிகாரம் வச்சிட்டு அடுத்தவன் கோடை ரிவ்யூ பண்ணினேன். தக்காளி நல்லாத்தான் ஓடுச்சு.

இந்த இடத்துல எங்க அக்காவைப் பத்தி ரெண்டு வரி. அவளும் ஐடிதான், கோயம்புத்தூர்ல வீட்டுல இருந்துதான் வேலை. ரெண்டு வயசுப் பையன். அவன் தூங்குற ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்கு முழுசாக் கிடைக்கிற நேரம். நடுவுல கேஸ் சிலிண்டர்காரர் வேற வருவார். நான் பெருசா இந்த ஆராய்ச்சி எல்லாம் போன்ல சொன்னப்ப, "தள்ளிப்போடுறதுக்கெல்லாம் நேரம் இருக்காடா உனக்கு, குடுத்து வச்சவன்டா"ன்னா. அதுக்கு மேல நான் பேசல. இந்தப் பதிவுல நான் புலம்புற புலம்பல், மேல காபி கொண்டு வந்து வைக்க அம்மா இருக்குற ஒருத்தனோட புலம்பல்ங்கிறதையும் கணக்குல வச்சுக்கோங்க.

அப்ப என்னதான் பண்றேங்கிறீங்களா? டிப்ஸ் இல்லைன்னு சொன்னேன். ஆனா திட்டிட்டு மட்டும் போனா அடிக்க வருவீங்க.

தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம், டீம்ல ஒரு சீனியர்கிட்ட பேச்சு வாக்குல அந்த ப்ரொசீஜரைப் பத்திச் சொன்னேன். "அதுவா? அதுல பாதி செத்த கோடு, 2016-க்கு அப்புறம் யாரும் கூப்பிடுறதே இல்லை. அந்த டேபிளுக்கு அனுமதி வாங்கணும், வாங்கிட்டியா?"ன்னார். இருபது நிமிஷத்துல மொத்த வரைபடத்தையும் போட்டுக் காட்டிட்டார். அக்டோபர் 25-ம் தேதி "அண்ணே, இது எனக்குப் புரியல"ன்னு ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா, அன்னைக்கே அனுமதிக்கு மெயில் போயிருக்கும். ஒருத்தருக்கு தலைதீபாவளி கிடைச்சிருக்கும்.

அதுல இருந்து ஸ்டாண்ட்-அப்ல "போயிட்டு இருக்கு"ன்னு சொல்றதை நிறுத்திட்டேன். தொடலைன்னா "தொடல"ன்னு சொல்றேன். ஏன் தொடலன்னு அடுத்த கேள்வி வரும், "எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல"ன்னு சொல்றேன். முதல் தடவை சொன்னப்ப காது சூடாச்சு. லைன்ல ஒரு மூணு செகண்ட் யாரும் பேசல. அப்புறம் டீம்ல புதுசா சேந்த பொண்ணு ஒருத்தங்க, "எனக்கும் என்னோடது தெரியல"ன்னாங்க. ரெண்டு வாரமா அவங்களும் "போயிட்டு இருக்கு"தான் சொல்லிட்டு இருந்திருக்காங்க. அவ்வ்வ்... ஒரு ஸ்டாண்ட்-அப்ல எத்தனை பேர் எத்தனை மாசமா இப்படி ஓட்டிட்டு இருந்திருப்போம்!

இன்னொண்ணு, எழவெடுத்த டிக்கெட் வந்தா அதை டிக்கெட் மொழியில வச்சுக்கிறதில்லை. "ரிப்போர்ட்டை மாத்து"ன்னு எழுதியிருந்தா அதுல கை வைக்க எங்கயும் பிடி இருக்காது. காகிதத்துல, அம்மா மளிகை லிஸ்ட் எழுதுற அதே நோட்டுல, "முதல் ஐம்பது வரியைப் படி, புரியாத மூணு விஷயத்தைக் குறிச்சு வை"ன்னு எழுதிக்கிறேன். எப்பங்கிறதையும் கூடவே எழுதிடுவேன். ஜெர்மன் உளவியல்காரர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல எழுதினது இது. "செய்யணும்"னு நினைக்கிறதை விட "இது நடந்ததும் இதைச் செய்வேன்"னு ஒரு நிகழ்வுல கட்டிப் போட்டா காரியம் நடக்குற வாய்ப்பு கூடுதல்னு. எனக்கு அம்மா பதினொரு மணி காபி டம்ளரை டேபிள்ல வைக்கிற சத்தம்தான் அந்த நிகழ்வு. டங்குன்னு சத்தம் கேட்டா அந்த ஃபைலைத் திறக்கணும். அம்மா ஊருக்குப் போன வாரம் எல்லாம் இது சொதப்பல்தான்.

நான் திருந்திட்டேன்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க. என் பைக் இன்சூரன்ஸ் போன மாசம் முடிஞ்சு போச்சு, இன்னும் கட்டல. பல் டாக்டர்கிட்ட போகணும், அது ஒன்றரை வருஷம். ஆனா அடுத்தவங்க டிக்கெட் போட்டு ஊருக்குப் போறது என் கையில மாட்டியிருக்கும்போது மட்டும், புரியலன்னு சொல்ற வெக்கத்தை விட்டுட்டேன். அவ்வளவுதான் முன்னேற்றம்.

டெஸ்டிங் நண்பர்கிட்ட உண்மையை நான் சொன்னது 2024 பொங்கலுக்கு அப்புறம். பத்து நாள் தொடலை, அனுமதி எல்லாம் சாக்கு, தப்பு என்னோடதுன்னு. கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் "தெரியும் ப்ரோ, ஃபைல்ல கடைசியா யார் எப்ப கை வச்சாங்கன்னு ஹிஸ்டரியில வரும்ல"ன்னார். டெஸ்டிங் ஆளுங்கிறதை நான்தான் மறந்துட்டேன்.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. செப்டம்பர் கடைசியில ஒரு நாள் சாட்ல வந்தார். "ப்ரோ, நாகர்கோவிலுக்கு 29-ம் தேதி பஸ் போடலாம்னு இருக்கேன். உங்ககிட்ட எதுவும் 'போயிட்டு' இல்லையே?"

சிரிக்கிற பொம்மை ஒண்ணும் போட்டிருந்தார். நான் பதில் அனுப்ப கொஞ்ச நேரம் ஆச்சு. முதல்ல என் லிஸ்ட்டைத் திறந்து பாத்துட்டு வந்தேன்.